லாடமும் வெறுங்காலும்

ஊவா மாகாணத்தின் கிழக்கு மலைகளில் அமைந்துள்ள மடுல்சீமை, இலங்கையின் பொருளாதார வரலாற்றில் ஒரு துயரக் குறிப்போடு இடம்பெற்ற பகுதியாகும். கோப்பிப் பயிரை அழித்த இலைத்துரு நோய், 1869இல் இந்நாட்டில் முதன்முதல் அறியப்பட்டது இங்கேதான். அக்கோப்பிக் காலத்துத் துரைமார் மலைச்சரிவுகளைக் குதிரைமீது அமர்ந்தே மேற்பார்வை செய்தனர். அக்குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தீனி வைத்து, அதன் பின்னே மலையேறியவன் தமிழகத்திலிருந்து வந்த குதிரைக்காரன். குதிரையின் காலில் இரும்பு லாடம் இருந்தது. அவனது காலோ வெறுங்காலாக இருந்தது.

இன்று மேலை நாடுகளில், குதிரையின் லாடத்தைக் கழற்றுக என்னும் குரல் வலுப்பெற்றுள்ளது. குதிரையை இயற்கையோடொட்டி வெறுங்காலில் நடக்கவிடுதலே நலம் என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கை எத்துணை உண்மை, எங்கே அதற்கு எல்லை என்பன சிந்திக்கத்தக்கவை.

குளம்பு உயிரற்ற கட்டைபோலத் தோன்றினும் அது ஓய்வின்றி வளர்வது. நமது நகம் எப்பொருளால் ஆயதோ அப்பொருளாலேயே அதுவும் ஆயது. மாதமொன்றுக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை வளரும். பாதம் நிலத்தில் ஊன்றும்போது குளம்பின் பின்புறம் சற்றே விரியும், தூக்கும்போது ஒடுங்கும். இவ்வசைவு அதிர்ச்சியைத் தாங்குவதோடு, குருதி மேல்நோக்கித் திரும்பவும் துணைசெய்கிறது. ஆணியறைந்த லாடம் இவ்விரிவை ஓரளவு கட்டுப்படுத்துகிறது. குளம்பு நிலத்தில் உராய்ந்து தேய்வதையும் தடுக்கிறது. தேயாத குளம்பு நீள்கிறது; நீண்ட குளம்பு மூட்டுகளை வருத்துகிறது.

லாடமின்றிப் பேணும் முறையில் குளம்பு சீவுதலே முதன்மைத் தொழில். சில கிழமைகளுக்கு ஒருமுறை குளம்பின் விளிம்பை அரத்தால் உருட்டி, மிகுந்து வளர்ந்ததை மட்டும் நீக்குவர். அடிப்புறத்தின் தடித்த கொம்பையோ, நடுவே ஆப்பு வடிவில் அமைந்த மெத்தென்ற பகுதியையோ வீணே செதுக்கார். ஆயின் அரம் செய்வது பாதித் தொழிலே. எஞ்சியதைச் செய்வன நடையும் தரையும் உணவுமாகும். கொட்டிலில் நாள்முழுதும் நின்று, சர்க்கரைச் சத்து மிகுந்த புல்லையும் தானியத்தையும் உண்ணும் குதிரைக்குக் குளம்பின் உட்புறம் அழற்சியுற்று நடையே கெடுதல் கூடும்.

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கரான செனபோன், உருண்டைக் கற்கள் பரப்பிய முற்றத்தில் குதிரையை நிறுத்திக் குளம்பை உறுதிப்படுத்துமாறு எழுதினார். ஐக்கிய அமெரிக்காவில் லாடத் தொழிலாளராயிருந்த ஜெய்மி ஜாக்சன், 1980களில் காட்டுக் குதிரைகளின் பின்னே திரிந்து அவற்றின் குளம்புகளை ஆராய்ந்தார்; தாம் கண்டவற்றை 1992இல் நூலாக வெளியிட்டார்.

எனினும் இயற்கையே மருந்து என்று முடித்துவிடுதல் அறிவுடைமையாகாது. நியூசிலாந்தில் கட்டின்றித் திரியும் குதிரைகளை அவுஸ்திரேலிய ஆய்வாளர் ஆராய்ந்தபோது, அவற்றிலும் குளம்புக் குறைபாடுகள் மிகுந்திருக்கக் கண்டனர். நமது நெடுந்தீவிலும் அன்னியர் ஆட்சிக்காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை, லாடமும் சீவுதலும் இன்றி, வறண்ட முருகைக்கல் நிலத்தில் அலைகின்றன. அந்நிலம் அவற்றின் குளம்பைத் தேய்க்கும். வறட்சியில் நீரைத் தராது. மடுல்சீமையின் தரையோ வேறு. வடகீழ்ப் பருவமழையில் மாதக்கணக்காக நனையும் மண் குளம்பை மெதுவாக்கும். அடிப்புறப் பள்ளங்களில் அழுகல் தோன்றும். ஆதலின் ஒரு நிலத்துக்குரிய விதியை மற்றொரு நிலத்துக்கு அப்படியே பெயர்த்தல் பொருந்தாது.

ஈண்டு மனிதரின் வெறுங்காலையும் எண்ணுதல் வேண்டும். தோட்டத்து ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்த தொழிலாளரின் பாதத்தோலைத் துளைத்துக்கொண்டு கொழுக்கிப்புழு உடலினுட் புகுந்தது. குருதி குன்றி அவர்கள் நலிந்தனர். 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு இலங்கைத் தோட்டங்களில் அந்நோய்க்கு எதிரான இயக்கம் தொடங்கியது. குதிரைக்கு வெறுங்கால் உடலமைப்பின் இயல்பு. தோட்டத் தொழிலாளிக்கோ அது வறுமை. இரண்டையும் ஒரே சொல்லாற் குறித்தாலும் பொருள் ஒன்றன்று.

குளம்பறிவு யாரிடம் இருக்கிறது என்பதும் சிறிய வினாவன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அங்கு ஆண்டுதோறும் கடல்வழி வந்த குதிரைகள் பேணுவாரின்றி மடிந்தன என்கிறார். குதிரை மருத்துவம் அறிந்தோர் எவரும் அந்நாட்டுக்குச் செல்லாதபடி வணிகர் பார்த்துக்கொண்டனராம். குதிரை சாகச் சாக விற்பனை பெருகும் அன்றோ! அறிவை மறைத்தல் ஆதாயமான வணிகமாயிற்று.

பதுளைக்கு 1924இல் புகையிரதம் வந்தது. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. தோட்டக் குதிரை மறைந்தது. மலையகத்தில் இன்று குதிரைகளைக் காணவேண்டின் நுவரெலியாவுக்குச் செல்லவேண்டும். அங்கே உல்லாசப் பயணிகளைச் சுமக்கும் மட்டக்குதிரைகளுக்குக் குளம்பு உண்டு. அதனைப் பேணும் கைகளும் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவ பீடமும் உண்டு. அங்குப் பயில்வோர் குளம்பைத் தூக்கிப் பார்க்கும் முறை, சீவும் அளவு, அழுகலின் அறிகுறி, தீனியின் அளவு ஆகியவற்றை எளிய தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அக்கைகளிற் சேர்ப்பார்களாயின், பாண்டிநாட்டுத் துறைமுகங்களில் மறைக்கப்பட்டது இம்மலைகளிலாவது வெளிப்படும். லாடம் வேண்டுமா வேண்டாவா என்பதைக் குதிரையோடு நாளும் நடப்பவர் தாமே தேர்ந்தறியும் நிலை அப்போதுதான் பிறக்கும்.