5000 கிலோமீட்டருக்கு ஒரு பாட்டில்

2024 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு பாளையங்கோட்டை வீட்டுக்குப் போனபோது என் பையில் லேப்டாப், நான்கு சட்டை, ஒரு பாட்டில் இருந்தன. ஃப்யூவல் சிஸ்டம் கிளீனர். பெட்ரோல் டேங்கில் ஊற்றினால் எஞ்சினுக்குள் படிந்த அழுக்கைக் கரைக்கும் திரவம். அப்பா அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு லேபிளைப் படித்தார்.

"என்னல இது, இருமல் மருந்து மாதிரி இருக்கு?"

"காருக்குப்பா."

"அதுவும் இருமத்தான செய்யுது" என்றார்.

உண்மைதான். மூன்று மாதமாக போனில் அதே பேச்சு. காலையில் எடுத்தால் குலுங்குகிறது, சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது, பிக்கப் இல்லை. 2012இல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். ஓடியது மொத்தமே 60 ஆயிரத்துச் சொச்சம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கூகுளில் தேடினேன், நாலைந்து வீடியோ பார்த்தேன், ஆர்டர் போட்டேன். இரண்டு நிமிட வேலை. அன்றைக்கு இரவு, அப்பாவுக்கு ஏதோ செய்துவிட்ட திருப்தியோடு தூங்கினேன்.

ஆர்டர் போட்ட பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். சாஃப்ட்வேர்காரனின் புத்தி அது. முதலில் இன்ஸ்டால், அப்புறம்தான் டாக்குமென்டேஷன்.

பெட்ரோல் ஒரே பொருள் இல்லை. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. இன்ஜெக்டர் அந்தக் கலவையை முடியளவு துளைகள் வழியாகப் பனிபோலத் தூவுகிறது. வண்டி ஓடும்போது பெரிய தொல்லை இல்லை. நிறுத்திய பிறகுதான் ஆரம்பம். எஞ்சின் கொதித்துக் கிடக்கும். அதைக் குளிரவைக்கக் காற்றும் வராது, உள்ளே புதுப் பெட்ரோலும் பாயாது. இன்ஜெக்டர் நுனியில் தங்கிப்போன துளியில் லேசான பகுதி ஆவியாகிவிடும். கனமான பகுதி அங்கேயே வெந்து பிசின்போலப் படியும். பால் காய்ச்சிய சட்டியின் அடி மாதிரி. துளை அடைபட அடைபட, தூவ வேண்டியது ஒழுக ஆரம்பிக்கும். எரிய வேண்டியது அரைகுறையாக எரியும்.

1980களில் அமெரிக்காவில் இன்ஜெக்டர் கார்கள் பெருகியபோது இந்த அடைப்பு பெரிய தலைவலியாக இருந்தது. 1995 முதல் அங்கே விற்கும் எல்லா பெட்ரோலிலும் அழுக்கு நீக்கி கலந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த அளவு போதாது என்று சில கார் நிறுவனங்கள் 2004இல் சேர்ந்து 'டாப் டியர்' என்று தனியாக ஒரு தரம் வைத்தன. நான் வாங்கிய பாட்டிலில் இருந்ததும் அந்த வகை ரசாயனம்தான். பாலிஈதர் அமீன் என்று பெயர். மூலக்கூறின் ஒரு முனை அழுக்கைப் பிடிக்கும், மறுமுனை பெட்ரோலோடு கலக்கும். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற அதே வித்தை.

அதன் எல்லைகளும் தெளிவானவை. பெட்ரோல் எங்கெல்லாம் போகிறதோ அங்கேதான் மருந்தும் போகும். இப்போது வருகிற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போய்விடுவதால், காற்று நுழையும் வால்வின் முதுகில் படிந்த கரியை டேங்கில் ஊற்றும் எதுவும் தொடாது. அப்பாவின் கார் பழைய மாதிரி. வால்வுக்குப் பின்னால்தான் தூவும், அதனால் அந்தக் கவலை இல்லை. ஆனால் தேய்ந்த ரிங்கையோ, சோர்ந்த பேட்டரியையோ, கெட்டுப்போன பிளக்கையோ இந்த பாட்டில் ஒன்றும் செய்யாது.

இதையெல்லாம் விட எனக்கு மறக்காமல் நின்றது ஒரு சோதனை முறை. ஒரு பெட்ரோல் இன்ஜெக்டரை அடைக்கிறதா என்று பார்க்க அமெரிக்காவில் வகுத்தது. காரை 15 நிமிடம் ஓட்டுவார்கள், 45 நிமிடம் நிறுத்திவைப்பார்கள். திரும்ப 15, திரும்ப 45. சாகடிக்கிற மாதிரி ஓட்டுவதில்லை. கொஞ்சம் ஓட்டி நிறுத்துவது, அவ்வளவுதான்.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனோம். இருபது வருடமாக அப்பாவுக்குத் தெரிந்தவர். நான் பாட்டிலைக் காட்டினேன். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் போட்டார். நுனி முழுக்க அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

"பாட்டிலை ஊத்துங்க தம்பி, வேண்டாங்கல. ஆனா இது வேற கதை. எஞ்சின் சூடாகுறதுக்குள்ள ஆஃப் பண்ணிருதாங்க. குளிரா இருக்கும்போது பெட்ரோல் கூடப் போவும், முழுசா எரியாது. கரி பிடிக்காம என்ன செய்யும்?" அப்பா பக்கம் திரும்பினார். "சார், மாசத்துக்கு எம்புட்டு ஓடுது?"

"கணக்கு இருக்கு" என்று அப்பா டேஷ்போர்டைத் திறந்து நோட்டை எடுத்தார்.

அந்த நோட்டு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங்கோடு வாழ்ந்த மனிதர். ஸ்கூட்டர் காலத்திலிருந்தே எழுதுகிறார். பங்கில் பெட்ரோல் போடும்போது ஃபில்டர் பேப்பர் கேட்பார். ஒரு சொட்டு விட்டு, கறை இல்லாமல் காய்கிறதா என்று கலப்படம் பார்ப்பார். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள்.

நோட்டில் நான்கு பத்திகள். தேதி, போன இடம், கிலோமீட்டர், காரணம். மெக்கானிக் புது பிளக் மாட்டிக்கொண்டிருக்க, நான் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தேன். லாக் ஃபைல் வாசிப்பதுதானே என் பிழைப்பு.

12.5.2019, திருச்செந்தூர், 118, கோயில். ஜூலையில் குற்றாலம், இரண்டு முறை. காரணம்: சீசன். மணப்பாடு. காரணம்: சும்மா. அம்பாசமுத்திரம், சும்மா. கன்னியாகுமரி, சும்மா. அப்பா சும்மா எங்கும் போகிறவர் இல்லை. அந்தச் சும்மாக்கள் எல்லாம் அம்மாவுடையவை. காலையில் காபி குடிக்கும்போது "எங்கயாச்சும் போவமா" என்பாள். ஓட்டுவது அவர் வேலை. எங்கே என்பது அவள் வேலை.

அம்மா போனது 2021 ஜூனில்.

அதற்குப் பிறகு பேங்க் 3. மார்க்கெட் 4. மருந்துக்கடை 2. மார்க்கெட் 4. பேங்க் 3. இரண்டரை வருடம், பக்கம் பக்கமாக. ஒரு மாதமும் 80 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. காரணம் எல்லா வரியிலும் இருந்தது. பென்ஷன், காய்கறி, பிரஷர் மாத்திரை. சும்மா என்ற சொல் எங்குமே இல்லை.

வாரம் இரண்டு முறை போன் பேசினேன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வண்டி எப்படி இருக்கு. வண்டி எங்கே போகிறது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

போனில் கணக்குப் போட்டேன். லேபிளில் 5000 கிலோமீட்டருக்கு ஒரு பாட்டில் என்று இருந்தது. மாதம் 80 என்றால் அடுத்த பாட்டிலுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். அதைவிட மோசம், ஒரு பாட்டில் வேலை செய்ய ஒரு டேங்க் பெட்ரோல் எரிய வேண்டும். 35 லிட்டர் டேங்க், மாதம் 6 லிட்டர்கூடச் செலவில்லை. மருந்து அரை வருடம் டேங்கிலேயே கிடக்கும். போதாததற்கு இப்போதைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் காற்றின் ஈரத்தை வேறு இழுக்கும். நான் வாங்கி வந்தது ஓடுகிற காருக்கான மருந்து.

"இப்பவே போவோம்" என்றேன்.

"எங்க?"

பதில் தெரியவில்லை. "நாகர்கோவில் ரோட்டுல" என்றேன்.

பங்கில் முதலில் பாட்டிலை ஊற்றி, அதன்மேல் டேங்கை நிரப்பினோம். அப்போதுதான் பெட்ரோலோடு நன்றாகக் கலக்கும். நான்குவழிச் சாலையில் ஏறியதும் மூன்றாவது கியரில் கொஞ்ச தூரம் இழுத்தேன். அப்பா ஸ்பீடாமீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். நாங்குநேரி டோல்கேட்டில் பிடித்தார்கள். கண்ணாடியில் ஃபாஸ்டேக் இல்லை. 2021 பிப்ரவரியில் கட்டாயமாக்கிவிட்டார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியும். பேப்பரில் படித்திருக்கிறார். ஒட்ட வேண்டிய அவசியம்தான் வரவில்லை. இரண்டு மடங்கு கட்டினோம். அப்பா ரசீதை மடித்து நோட்டுக்குள் வைத்தார். நான் வெளியே பார்ப்பதுபோல இருந்துகொண்டேன்.

வள்ளியூர், பணகுடி தாண்டி முப்பந்தல் வரை போனோம். ஜனவரி காற்றுக்காலம் இல்லை. காற்றாலைகள் பல சும்மா நின்றன. டீக்கடையில் அப்பா ரொம்ப நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா இருந்தா இங்கயா நிப்பா. கன்னியாகுமரி போனாத்தான் விடுவா."

"போவமாப்பா?"

"வேண்டாம்ல. இருட்டிரும்."

திரும்பும்போது அவர் ஓட்டினார். முதலில் 50, நாங்குநேரி தாண்டியதும் 70. வீட்டு வாசலில் எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் கேட்டார். குலுக்கல் வெகுவாகக் குறைந்திருந்தது.

பாட்டில் வேலை செய்ததா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஒரே நாளில் பிளக் மாற்றினோம், த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார் மெக்கானிக், புதுப் பெட்ரோல் நிரப்பினோம், 130 கிலோமீட்டர் ஓட்டினோம். ஒரே நேரத்தில் நான்கு விஷயத்தை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. அலுவலகத்தில் ஜூனியர் ஒருவர் இப்படிச் செய்தால் திட்டுவேன்.

அன்று இரவு அப்பா நோட்டில் எழுதினார். முப்பந்தல், 130. காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'எஞ்சினுக்காக' என்று எழுதினார்.

ஃபாஸ்டேக் ஒட்டிவிட்டுத்தான் சென்னைக்குக் கிளம்பினேன். இப்போது போனில் எங்கே போனீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். மாதக் கடைசியில் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறார். பிப்ரவரியில் வள்ளியூர், 86, எஞ்சினுக்காக. மார்ச்சில் ஒன்றுமில்லை, எல்லாம் மார்க்கெட்டும் பேங்க்கும். ஏப்ரலில் மறுபடி வள்ளியூர். நான் கூடப் போனது அந்த ஒரு நாள்தான்.

ஜூன் மாதப் படத்தில், அம்மாவின் நினைவு நாள் தேதியில் ஒரு வரி இருந்தது. திருச்செந்தூர், 118. காரணம் என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை.