107 நாள் ஊர் சுத்துனதுக்கு ஆன செலவு

நாலு மாசமா இந்தப் பக்கம் எழுதல. பிப்ரவரி 5-ஆம் தேதி கிளம்பினவன், மே 22-ஆம் தேதி காலையில மன்னை எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கினேன். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, திரும்பவும் தாய்லாந்து. முதுகுல ஒரு பை, அதுக்குள்ள மூணு சட்டை, ரெண்டு கால்சட்டை, ஒரு கைலி. மொத்தம் 107 நாள்.

"எவ்வளவு செலவாச்சு?" இதைத்தான் எல்லாரும் முதல்ல கேக்குறீங்க. விமான டிக்கெட்டோட சேர்த்து 1,85,000 ரூபாய். நாலு வருஷமா உளுந்துல வந்த காசைத் தொடாம சேர்த்து வச்சது. ஊருக்கு வர்ற வரைக்கும் அதுதான் மொத்தக் கணக்குன்னு நானும் நினைச்சிட்டு இருந்தேன்.

பயணத்தோட கடைசி நாட்களைப் பத்தி யாரும் அதிகமா எழுதுறதில்ல. முதல் மாசம் எல்லாமே ஆச்சரியமாத்தான் இருக்கும். தாய்லாந்து எல்லையைத் தாண்டி ஹுவே சாய்ல படகு ஏறி, மேகாங் ஆத்துல ரெண்டு நாள் மிதந்து லுவாங் பிரபாங் போய்ச் சேர்ந்தேன். நடுவுல பாக்பெங்னு ஒரு சின்ன ஊர்ல ராத் தங்கல். ரெண்டு நாளும் கரையை விட்டு கண்ணை எடுக்கல. அங்க மூங்கில் கூடையில வச்சுத் தர்ற ஒட்டரிசிச் சோத்தைக் கையால உருட்டிச் சாப்பிடணும். அந்த ஒரு விஷயத்துலயே லாவோஸ் நமக்கு சொந்தக்கார ஊர் மாதிரி ஆயிடுச்சு.

மூணாவது மாசம் அப்படி இல்ல. ஏப்ரல் கடைசியில சியாம் ரீப்ல இருந்தேன். அங்கோர் கோயில்களைப் பாக்கத்தான் உலகமே அங்க வருது. நான் ரெண்டு நாள் பாத்துட்டு, அடுத்த நாள் சைக்கிளை எடுத்துக்கிட்டு மேற்கு பாராய் ஏரிக்கரைக்குப் போய் உக்காந்துட்டேன். 11-ஆம் நூற்றாண்டு ஏரி, நீளம் கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர், அகலம் 2 கிலோமீட்டர். கரையில நின்னா நம்ம வீராணம் ஞாபகம்தான் வரும். மதகு எங்க இருக்கு, தண்ணி எந்தப் பக்கம் பாயுதுன்னு பாத்துட்டு இருந்தவனுக்கு, நம்ம வாய்க்கால் தூர் வாரினாங்களான்னு நினைப்பு போயிடுச்சு. பயணம் முடிஞ்சு போச்சுன்னு அன்னைக்கே தெரிஞ்சுது. டிக்கெட்டுக்கு மட்டும் இன்னும் மூணு வாரம் பாக்கி.

உண்மையைச் சொன்னா, என் மனசு கொஞ்சம் முன்னாடியே திரும்பிடுச்சு. வியட்நாம்ல கான் தோ பக்கத்துல ஒரு விவசாயி வீட்டுல ஆறு நாள் தங்கினேன். அது மேகாங் டெல்டா, நம்ம ஊர் மாதிரியே கண்ணுக்கெட்டுன தூரம் வயலும் வாய்க்காலும். அறுத்த வயல்ல வாத்து மேயவிட்டிருந்தாங்க. மன்னார்குடியில பஸ்ஸை விட்டு இறங்கிட்டேனோன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். அந்தப் பெரியவருக்கும் எனக்கும் பொது மொழி கிடையாது. போன்ல அவர் பேசினா அது ஆங்கிலத்துல சொல்லும், நான் பேசினா வியட்நாம் மொழியில சொல்லும். கோடையில ஆத்துல தண்ணி குறைஞ்சா கடல் உப்பு மேல ஏறி வருது, மேல இருக்கிற நாடுகள்ல அணை கட்டிட்டாங்கன்னு சொன்னார். நான் காவிரியைப் பத்திச் சொன்னேன். சிரிச்சார். அதுக்கப்புறம் எங்களுக்குப் போன் அவ்வளவாத் தேவைப்படல.

கிளம்புற அன்னைக்குக் கேட்டார்: "இப்ப உன் வயலை யார் பாத்துக்கிறா?"

"அம்மா."

அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். நான் தங்கின விடுதிகள்ல இந்தக் கேள்வியை யாருமே கேக்கல. அங்க எல்லாரும் கேக்குறது "அடுத்து எந்த ஊர்?"ங்கிறதுதான். அவங்களைக் குறை சொல்லல. இருபது, இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைங்க, காலையில எழுந்து கறக்க வேண்டிய மாடு அவங்களுக்கு இல்ல.

எனக்கு இருந்தது. லட்சுமின்னு ஒரு பசு, அதோட ஒரு கன்னுக்குட்டி. வாரத்துக்கு ரெண்டு தடவை அம்மாகிட்ட பேசுவேன். ஒவ்வொரு தடவையும் "லட்சுமி எப்படி இருக்கு?"ன்னு கேப்பேன். "அதுக்கென்ன தம்பி, நல்லாருக்கு. நீ சாப்புட்டியா?" இதுதான் பதில்.

மே 22 காலையில டவுன் பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்தேன். பையை இறக்கி வச்சுட்டு வழக்கம்போலக் கொல்லைப்பக்கம் போனேன். கொட்டகை கூட்டிச் சுத்தமா இருந்தது. சாணி இல்ல, கயிறு இல்ல. முளைக்குச்சி மட்டும் நின்னுது.

அம்மா பின்னாடியே வந்தாங்க. அப்பத்தான் அவங்க காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடக்கிறதைப் பாத்தேன். மார்ச் கடைசியில உளுந்து பிடுங்குறப்ப வரப்புல வழுக்கி விழுந்திருக்காங்க. முட்டி வீங்கி, பத்து நாள் எந்திரிக்க முடியல. பக்கத்து வீட்டு அத்தைதான் கறந்து சொசைட்டிக்கு ஊத்தியிருக்காங்க. அவங்களும் எத்தனை நாளைக்குச் செய்வாங்க? புல் அறுக்க ஆள் இல்ல. ஏப்ரல்ல பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தருக்குப் பசுவையும் கன்னையும் சேர்த்து 38,000 ரூபாய்க்குக் கொடுத்துட்டாங்க.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா ஓடி வந்துருவ. அப்பா போனதுக்கப்புறம் நீ ஒரு நாள்கூட வெளியூர்ல தங்குனதில்ல. இருந்துட்டு வரட்டும்னு விட்டுட்டேன்."

நான் ஒண்ணும் பேசல. கோவமா, வெக்கமான்னு இன்னைக்கு வரைக்கும் பிரிச்சுச் சொல்லத் தெரியல. ஏப்ரல்ல அந்த ஏரிக்கரையில உக்காந்து நம்ம ஊரை நினைச்சு மனசு உருகிட்டு இருந்தப்ப, இங்க கொட்டகை ஏற்கனவே காலி. நினைச்சா மட்டும் போதுமா? புல் அறுக்க ஒரு ஆள் வேணும்ல.

ராத்திரி அம்மாவுக்குப் போட்டோ காமிச்சேன். அங்கோர் கோயிலைச் சட்டுன்னு தள்ளிட்டாங்க. லாவோஸ் எருமை படம் வந்ததும் நிறுத்தச் சொன்னாங்க. "எத்தனை லிட்டர் கறக்கும்?" அங்க எருமைப்பால் கறக்கிற வழக்கமே பெருசா இல்ல, உழவுக்கும் கறிக்கும்தான் வளக்கிறாங்கன்னு சொன்னேன். லுவாங் பிரபாங் பக்கத்துல மட்டும் ஒரு பண்ணையில விவசாயிகள்கிட்ட இருந்து எருமையை வாடகைக்கு வாங்கிக் கறக்கிறாங்க. அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "வாடகைக்கா? அப்ப திரும்பக் கொடுத்துருவாங்கள்ல?" அதுக்கு மேல எதுவும் கேக்கல.

நாலு நாள் கழிச்சு பக்கத்து ஊருக்குப் போனேன். லட்சுமி நிழல்ல கட்டியிருந்தது, உடம்பு தேறியிருந்தது. கூப்பிட்டேன். நிமிர்ந்து பாத்துட்டு மறுபடி வைக்கோலைத் தின்ன ஆரம்பிச்சிடுச்சு. வாங்கினவர் நல்ல மனுஷன். டீ வாங்கிக் கொடுத்தார். திருப்பிக் கேக்க எனக்கு வாய் வரல. வந்தப்புறம் யோசிச்சுப் பாத்தா, கேக்காததுதான் சரின்னு படுது.

போனது தப்புன்னு எழுதல. காசும் காலும் இருந்தா நீங்களும் போயிட்டு வாங்க. ஆனா செலவுக் கணக்கு எழுதுறப்ப, உங்க வேலையை அந்த நாள்கள்ல யார் செஞ்சாங்களோ அவங்க பேரையும் எழுதிக்கோங்க. என் கணக்குல 1,85,000 ரூபாய், ஒரு பசு, ஒரு கன்னு, அம்மாவோட வலது முட்டி.

ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கணும். நாத்தங்கால் உழவு நாளைக்கு. அம்மாவை வயப்பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன். வருவாங்க.