கடித்தாலும் கலங்காத தீவு

அந்தமானில் நாய் கடித்துவிட்டது என்று யாராவது சொன்னால் கேட்பவர் முகத்தில் பெரிய கலவரம் எதுவும் தெரியாது. காலைக் கழுவிவிட்டு, கொஞ்சம் மஞ்சளை அப்பிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. இந்த அலட்சியத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. நாட்டில் வெறிநாய்க்கடி நோய் இல்லாத பகுதிகள் என்று சுகாதாரத் துறை நெடுங்காலமாகச் சொல்லிவருவது இரண்டைத்தான்: அந்தமான் நிகோபார், லட்சத்தீவு. மத்திய அரசின் தேசிய ரேபிஸ் தடுப்புத் திட்டம்கூட இந்த இரண்டையும் விட்டுவிட்டுத்தான் தொடங்கியது.

லட்சத்தீவின் கதை எளிது. அங்கே நாய் கிடையாது. கொண்டுவரவும் அனுமதி இல்லை. அந்தமான் அப்படியல்ல. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறினாலும் பேச்சில் இன்னும் போர்ட் பிளேராகவே இருக்கும் தலைநகரில், அபர்தீன் பஜார் முதல் படகுத்துறை வரை நாய்கள் தாராளமாகத் திரிகின்றன. கடலாமை முட்டையிடும் கடற்கரைகளில் மணலைத் தோண்டி முட்டைகளைத் தின்று வனத்துறையைப் படுத்துகின்றன. நாய் ஏராளம், வெறிநோய் மட்டும் இல்லை.

நாய் இந்தத் தீவுகளுக்கு வந்ததே 1858 மார்ச்சில் பிரிட்டிஷார் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றம் அமைத்த பிறகுதான். அதற்கு முன் அந்தமான் பழங்குடிகள் நாயை அறியாதவர்கள். ஆனால் அறிமுகமானதும் லிட்டில் அந்தமானின் ஓங்கேக்கள் காட்டுப்பன்றி வேட்டைக்கு அதைக் கூட்டாளியாக்கிக்கொண்டார்கள். ஜாரவாக்களோ நெடுங்காலம் நாய் இல்லாமலேயே வேட்டையாடினார்கள். பின்னர் வங்காள அகதிகள், ராஞ்சிக்காரர்கள், தமிழர்கள், கச்சால் ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பட்ட இலங்கை திரும்பியோர் என்று குடியேறியவர்கள் வீட்டு வாசலிலெல்லாம் ஒரு மணியோ டைகரோ படுத்துக்கொண்டது.

தீவைக் காப்பாற்றிவருவது பெரும்பாலும் கடல்தான். சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் அது முழுக் காவல் அல்ல. கிருமி உடலில் புகுந்த நாய் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கும். ஊசி போடாத ஒரு அழகான குட்டி நல்ல நாயாகவே தீவில் வந்து இறங்க முடியும். மாற்றலாகி வரும் குடும்பங்கள் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை.

நோய் இல்லை என்பதற்காகப் பல் இல்லை என்றாகிவிடாது. ஹாடோவிலோ ஜங்லிகாட்டிலோ எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது இது. கண் திறந்து சில நாட்களே ஆன குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத் தூக்கிவருகிறார்கள். குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று கற்றுக்கொள்கின்றன. அதிகம் கடித்தால் மற்றக் குட்டி வீறிட்டுவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எட்டு வாரத்துக்கு முன்பே பிரித்த குட்டிக்கு இந்தப் பாடம் பாதியில் நின்றுபோகிறது. அது பையனின் விரலைக் கவ்வுகிறது. முதலில் எல்லோரும் சிரிக்கிறார்கள். லுங்கி நுனியைக் காட்டிச் சீண்டுகிறார்கள். நாலு மாதத்தில் பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போது ஈறு அரிக்க, அது கண்டதையும் கடிக்கிறது. சிரிப்பு நின்று, விளக்குமாறு வருகிறது.

அடிதான் இங்கே பெரிய தவறு. கையால் அடி வாங்கிய குட்டி கடிப்பதை மறப்பதில்லை. கையைக் கண்டு பயப்படக் கற்றுக்கொள்கிறது. பயந்த நாய்தான் பின்னால் ஆளைக் கடிக்கிறது. பல் பட்ட அந்தக் கணமே விளையாட்டை நிறுத்தி, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுவது பலன் தருகிறது. கவ்வ முடிச்சுப் போட்ட பழைய துணி ஒன்றைக் கொடுக்கலாம். நனைத்துக் குளிரவைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதம். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும் என்பதுதான் சிக்கல். அம்மா எழுந்து போக, சித்தப்பா வந்து சீண்டினால் நாய் சித்தப்பாவின் பாடத்தைத்தான் படிக்கும்.

வளர்ந்த நாய் திடீரென்று கடிக்க ஆரம்பித்தால் முதலில் பார்க்க வேண்டியது அதன் உடம்பை. ஈரமும் புழுக்கமும் நிறைந்த தீவில் உண்ணியும் காதுப்புண்ணும் தோல்நோயும் நாய்களுக்குச் சாதாரணம். வலிக்கிற காதைத் தொட்ட குழந்தையை அது கடித்தால் குணம் கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. அடுத்தது சங்கிலி. நாள் முழுக்க மூன்றடிச் சங்கிலியில் கிடக்கும் நாய் ஓட முடியாது என்பதால் கடிக்கிறது.

'குரைக்கிற நாய் கடிக்காது' என்ற பழமொழியை நம்பிக் கையைக் கொடுத்தவர்கள் பலர். கடிக்கும் முன் நாய் வேறு விதமாகவும் சொல்லிப் பார்க்கிறது: உடல் விறைக்கும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பி வெள்ளை விழி தெரியப் பார்க்கும், கடைசியாக உறுமும். உறுமலுக்கு உதை கொடுத்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேரே கடிதான். உறுமுகிற நாய் ஒருவகையில் நல்ல நாய்.

ஆனால் தீவின் உண்மையான ஆபத்து வீட்டு டைகரிடம் இல்லை; கோடை விடுமுறையில் இருக்கிறது. பள்ளி மூடியதும் தமிழ்க் குடும்பங்கள் கப்பலிலும் விமானத்திலும் சென்னை வந்து, மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் பிரிந்து போகின்றன. நாய் கடித்தால் பெரிய விஷயமில்லை என்று கேட்டே வளர்ந்த பத்து வயதுப் பையன் தாத்தா ஊர்த் தெருவில் ஒரு குட்டியைத் தூக்குகிறான். சின்னக் கீறல். "என்னடா கையில?" என்று பாட்டி கேட்டால் "ஒண்ணுமில்ல பாட்டி, முள்ளு" என்பான். நாய்க்குட்டியிடம் போனதற்குத் திட்டு விழும் என்பதே அவன் கவலை.

உலகில் வெறிநோயால் ஆண்டுதோறும் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தியாவில் பதிவாகும் மரணங்களிலும் கணிசமானவர்கள் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அதே சமயம், நேரத்தில் ஊசி போட்டால் அநேகமாக முழுவதுமாகத் தடுத்துவிடக்கூடிய நோயும் இதுதான். தெருநாய் விவகாரம் 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போய் நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியபோது இந்த எளிய விஷயம் சத்தத்தில் காணாமல் போனது.

ஊசி என்றதும் பெரியவர்களுக்கு வயிறு கலங்குவதில் நியாயம் உண்டு. தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசிகளை அவர்கள் மறக்கவில்லை. 1911இல் டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுக்கப்பட்ட அந்த மருந்து நம்முடைய குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் பல்லாண்டுகள் தயாரானது. வலி மட்டுமல்ல, சிலருக்கு நரம்புப் பாதிப்பும் தந்தது. 2005 வாக்கில் அது நாட்டில் கைவிடப்பட்டது. இப்போது கையில் மட்டும்தான் ஊசி. பெரிய காயமாக இருந்தால், ரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்துவார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் செய்ய வேண்டியது குழாயடியில் இருக்கிறது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். தீவிலேயே கடிபட்டாலும் கழுவுவதும் டெட்டனஸ் ஊசியும் மாறாது. வெறிநோய் ஊசி தேவையா என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும். அந்த நாய் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் மறைக்காமல் சொன்னால் போதும்.

அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசிக்குக் கணக்கு 0, 3, 7, 28ஆம் நாள். விடுமுறையின் பின்பாதியில் கடிபட்ட பையனுக்கு முதல் மூன்றும் தாத்தா ஊரில் முடிந்துவிடும். நான்காவது தேதி வருவதற்குள் கப்பல் ஏறிவிடுவான். மீதி ஊசியைத் தீவில் எங்கே போடுவது என்று கிளம்பும் முன்பே விசாரித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டைக் கப்பல் டிக்கெட்டோடு சேர்த்து அம்மாவின் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.