தகடூர்க் குதிரை வீரனும் அவன் தோழியும்

ஔவையார் என்றதும் கோல் ஊன்றிய மூதாட்டியே தமிழர் மனத்தில் எழுகிறார்; 1953இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற வேடமும், 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலையும் அவ்வுருவத்தை அசைக்க முடியாதபடி ஊன்றிவிட்டன. தருமபுரிக்குத் தெற்கே, சேலம் நெடுஞ்சாலையில் நல்லம்பள்ளியை ஒட்டி அமைந்த அதியமான்கோட்டை வட்டாரத்திலும் இதே கதைதான் வழங்குகிறது: வள்ளல் ஒருவன் கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஒரு கிழவிக்குக் கொடுத்தான். புறநானூற்றைத் திறந்து படிப்பவருக்கு இக்கதை நெருடத்தான் செய்யும். 89ஆம் பாட்டில் பகையரசன் ஒருவன் ஔவையாரைப் பார்த்து, அணிகலன் பூண்டு கண்ணுக்கு மையிட்ட ஒளி நெற்றி விறலியாகவே விளிக்கிறான். விறலி என்பவள் பாணர் கூட்டத்தோடு ஊர் ஊராகச் சென்று ஆடியும் பாடியும் வாழ்ந்த இளம்பெண். 92ஆம் பாட்டில் ஔவையாரே தம் சொற்களை, பொருள் விளங்காவிட்டாலும் தந்தையின் உள்ளத்தை நெகிழச் செய்யும் குழந்தையின் மழலைக்கு ஒப்பிட்டு, கதையில் வரும் அந்த வள்ளலான அதியமான் நெடுமானஞ்சியிடம் பேசுகிறார். நரைத்த கிழவி ஒருத்தி தன்னைக் குழந்தை என்று சொல்லிக்கொள்ளும் காட்சி பொருந்தவில்லை. கிழவியும் வள்ளலும் என்ற சித்திரத்தை விலக்கிவிட்டால் எஞ்சுபவர் இரு நண்பர்கள். அவர்களுள் ஒருவன் போரில் மாண்டான், மற்றவர் அவனை நினைத்துப் பாடினார். அந்த நண்பன் எப்படிப்பட்டவன், குதிரைமேல் ஏறிப் போருக்குப் போனவனா என்பதே இத்தேடலின் வினா.

வினாவைத் தூண்டியவை நடுகற்கள். போரிலோ ஆநிரை காக்கும் பூசலிலோ உயிர்விட்ட வீரனுக்காக அவன் உருவத்தைச் செதுக்கி நட்ட கல்லே நடுகல்; தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வட்டாரங்களில் இத்தகைய கற்கள் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று பெயரிட்டு இன்றும் வழிபடுகின்றனர். மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் ஏறிக் கறுத்துப்போன அக்கற்களுள் சிலவற்றில், ஒரு கையில் கடிவாளத்தையும் மறு கையில் வாளையும் பிடித்துக் குதிரைமேல் அமர்ந்த வீரனைக் காணலாம். தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, அதியமான்களின் தலைநகர் என்பதால், அக்குதிரை வீரனை அதியமானோடு இணைத்துப் பார்க்கும் ஆசை இயல்பாகவே எழுகிறது.

ஆசைக்குச் சான்று துணை நிற்கவில்லை. இந்நிலப்பகுதியில் எழுத்தோடு கிடைத்த பழைய நடுகற்கள் கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியவை. வட்டெழுத்தில் அமைந்த அக்கற்களின் வீரர்கள் பெரும்பாலும் வில்லும் வாளும் ஏந்தித் தரையில் நிற்பவர்களே, குதிரை வீரர் உருவங்களோ பெரும்பாலும் பிற்காலத்தவை. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, வீரனோடு நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்னும் நாயின் பெயரைக்கூட எழுதி வைத்திருக்கிறது. நாய்க்குக் கிடைத்த அந்தப் பேறு தகடூர்க் குதிரைக்குக் கிடைக்கவில்லை. 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி பாழி ஒன்றை, அதாவது துறவியர் தங்கும் குகை உறைவிடத்தை, வழங்கிய செய்தியைச் சொல்கிறது. அசோகரின் பாறைக் கட்டளைகளில் வரும் சதியபுத்திரர் என்போர் அதியமான்களே என்பதை உறுதிப்படுத்திய பெருமை அதற்கு உண்டு. கொடையாளியின் பெயர் அதில் அவன் காலத்து எழுத்திலேயே நிற்கிறது. அவன் எப்படி வாழ்ந்தான் என்பதற்கு மட்டும் அதில் ஒரு சொல்லும் இல்லை.

கல் கைவிட்ட நிலையில் தேடல் நூலை நோக்கித் திரும்பியது. அங்கேதான் அது நெடுங்காலம் சிக்கிக்கொண்டது. தகடூர் மீது சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து கோட்டையை அழித்த போரையே முழுப்பொருளாகக் கொண்ட ‘தகடூர் யாத்திரை’ என்னும் நூல் ஒரு காலத்தில் இருந்தது. உரைநடையும் செய்யுளும் விரவிய அந்நூலைத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் அறிந்திருந்தனர், எடுத்துக்காட்டியும் இருக்கின்றனர். இன்று முழு நூல் இல்லை. எஞ்சிய செய்யுட்களில் பெரும்பகுதியைக் காத்துக் கொடுத்தது புறத்திரட்டு என்னும் தொகைநூல். காத்த கையே கலைத்தும்விட்டது என்பதுதான் துயரம். புறத்திரட்டைத் தொகுத்தவர் பல நூல்களிலிருந்து செய்யுட்களை எடுத்துப் பொருள்வாரியாக அடுக்கியதால், கோட்டை முற்றுகையைப் பற்றிய செய்யுள் ஒரு தலைப்பின் கீழும், தூது பற்றியது வேறொரு தலைப்பின் கீழும், வீரம் பற்றியது மற்றொன்றின் கீழும் போய் அமர்ந்துகொண்டன. செய்யுட்களை இணைத்திருந்த உரைநடை முற்றிலும் மறைந்தது. யார் யாரிடம் சொன்னது, போரின் எந்த நாளில் சொன்னது, எந்த வீரன் எந்தக் குதிரையில் எந்த வாயில் வழியாகப் புறப்பட்டான் என்று கேட்டால், ஒவ்வொரு செய்யுளும் தன்னளவில் அழகாக நின்று மறுமொழி தராமல் இருந்துவிடுகிறது. பாரதப் போரின் நாளும் நிகழ்ச்சியும் தமிழருக்கு மனப்பாடம். தம் மண்ணில் நடந்த தகடூர்ப் போரின் வரிசை அவர்களுக்கு இல்லை. இவ்விழப்பைச் சிறியதாக எண்ணி நகர்ந்துவிட முடியவில்லை. செய்யுட்களை இப்படியும் அப்படியும் மாற்றி அடுக்கிப் பார்க்கும் முயற்சி ஒவ்வொன்றும் அடுக்குபவரின் கற்பனையாகவே முடிகிறது.

தேடலுக்கு வழிவிட்டது, போருக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு கோபப் பாட்டு. பரிசில் கொடுக்க அதியமான் காலம் தாழ்த்தியபோது ஔவையார் வாயிற்காவலனை அழைத்துப் பாடிய புறநானூற்று 206ஆம் பாட்டில், உன் தலைவன் தன்னை அறியாதவனா, என்னை அறியாதவனா என்று கேட்டு, யாழைப் பையில் கட்டிக்கொண்டு புறப்படுகிறார். எந்தத் திசைக்குப் போனாலும் அங்கே சோறு உண்டு என்று சொல்லிவிட்டே போகிறார். அந்தச் சினத்தின் நடுவில் நண்பனைக் குறிக்க அவர் வாயில் வருவது விரைந்தோடும் குதிரைகளை உடைய தோன்றல் என்னும் அடைமொழி. கல்லிலும் யாத்திரையிலும் தேடிய குதிரை வீரன் தோழியின் ஊடலுக்குள் இருந்தான். 97, 98ஆம் பாட்டுகளும் அவன் குதிரைகளைக் காட்டுகின்றன: போர்க்களத்தில் உழன்று குளம்பெல்லாம் குருதிக் கறை படிந்தவை அவை, அவை வருவதைக் கண்ட பகைவர் ஊர்வழிகளைக் கவைமுள்ளால் அடைத்தனர். அதியமான் இளைஞனா என்பதற்கு நேரான சான்று இல்லை. ஆனால் 100ஆம் பாட்டு, முதன்முறையாக மகன் முகத்தைக் காண வந்தவன் போர்க்கோலத்தையும் கண்ணின் சிவப்பையும் மாற்றாமல் நின்றதைச் சொல்கிறது. பச்சைக் குழந்தையின் தந்தையாக அவனை நினைத்தபின் எருமை வெளியனார் பாடிய 273ஆம் பாட்டைத் தவிர்க்க இயலாது. குதிரை மறம் என்னும் துறையில், அதாவது போர்க்குதிரையின் வீரத்தைப் பாடும் பிரிவில் அமைந்த அப்பாட்டில், எல்லார் குதிரைகளும் திரும்பிவிட, சிறு குடுமி வைத்த மகனின் தந்தை ஏறிச் சென்ற குதிரை மட்டும் வரவில்லை. அவ்வீரன் பெயர் தெரியாதவன். தகடூரில் அன்று காத்திருந்த வீடுகளுக்கு அப்பாட்டு அயலானதன்று.

இந்த இடத்தில் தேடலின் பொருளே மாறிவிடுகிறது, ஏனெனில் நண்பன் இறந்தபின் ஔவையார் பாடிய 235ஆம் பாட்டில் குதிரையும் இல்லை, வெற்றியும் இல்லை. சிறிதளவு கள் கிடைத்தால் தமக்கே கொடுத்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் தாம் உண்டு பாட எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான், சோறு சிறிதாயினும் பெரிதாயினும் பலரோடு பகிர்ந்தே உண்பான் என்று அவர் எண்ணிப் பார்க்கிறார். நரந்தப் பூ மணக்கும் கையால், புலால் நாறும் தம் தலையை அவன் தடவிக் கொடுத்ததையும் மறைக்காமல் சொல்கிறார். கோட்டையையும் போரையும் பாடிய அதே வாய், இழப்பின் நாளில் எடுத்து வைத்தவை ஒரு குவளைக் கள்ளும் ஒரு தட்டுச் சோறும் ஒரு கையின் மணமும். 232ஆம் பாட்டில் அவனுக்கு நட்ட கல்லில் மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைக்கும்போது, மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானா என்று அவர் கலங்குகிறார். வேடியப்பன் கற்களுக்கு இன்று நடக்கும் படையலின் பழைய வடிவம் அது. அந்தக் கல்லில் அவன் உருவம் இருந்ததா என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

சாவை விலக்கும் நெல்லிக்கனியைத் தந்தவன் முன்னே சென்றான். பெற்றவர் எஞ்சி வாழ்ந்தார். அந்த வாழ்வை அவர் எப்படி நடத்தினார் என்பதற்கு 367ஆம் பாட்டே சாட்சி. அது தகடூர்ப் பாட்டுகளுக்குப் பிற்பட்டது என்று கருத இடமுண்டு. சேரன், சோழன், பாண்டியன் மூவரும் ஒருங்கே அமர்ந்திருந்த அரிய நாளில், விண்ணுலகைப் போன்ற நாடும் உங்களோடு வராது என்று அவர்களுக்குச் சொல்லும் ஔவையார், அதற்காக எல்லாவற்றையும் துறக்கச் சொல்லவில்லை. இரப்பவர்க்குக் கொடுங்கள், பொற்கலத்தில் தேறலை உண்டு மகிழுங்கள், வரையறுத்த நாள்வரை வாழுங்கள், செய்த நல்வினையே துணை என்கிறார். அதியமானின் பெயர் அப்பாட்டில் எங்கும் இல்லை. ஆயினும் முடியுடை மூவேந்தருக்கும் அவர் வாழக் கற்றுக்கொடுத்த முறை, தகடூரில் சிறு கள்ளையும் பெருஞ்சோற்றையும் பகிர்ந்த அந்தக் குறுநில மன்னன் நாள்தோறும் வாழ்ந்து காட்டியதுதான்.