கணக்கு மேசையும் கண்ணியமும்

கூடைப்பந்தாட்டம் காணச் செல்வோர் பந்தையே நோக்குவர். யானோ களத்தின் ஓரத்திலுள்ள கணக்கு மேசையையே அதிகம் நோக்குபவன். புள்ளிகளையும் தவறுகளையும் பதியும் கணக்கரும், கடிகாரத்தைக் காக்கும் நேரக்காப்பாளரும் அங்கேதான் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் கை பிசகினால் ஆடியவர் சிந்திய வியர்வை வீணாகும்.

அம்மேசையோடு பேசுவதற்குச் சர்வதேசச் சங்கத்தார் விதி வகுத்துள்ளனர். ஆட்டத்தின்போது ஒரு கட்சியின் சார்பில் தலைமைப் பயிற்சியாளரும் முதல் உதவிப் பயிற்சியாளருமே அங்குப் பேசலாம். அதுவும் கடிகாரம் நின்றிருக்கும் வேளையில், புள்ளி, நேரம், தவறுகளின் தொகை முதலிய விவரங்களை மரியாதையுடன் கேட்டறிவதற்கே. ‘டைம் அவுட்’ எனும் இடை ஓய்வைக் கோரும் உரிமையும் அவ்விருவர்க்கே உண்டு. மாற்றாட்டக்காரனோ தனக்கான அனுமதியைத் தானே மேசைக்குச் சென்று கேட்டல் வேண்டும்; பயிற்சியாளர் அவனுக்காகக் கேட்டல் கூடாது.

“இஃதென்ன அற்ப விதி?” என்பாரும் உளர். தோட்டத்துக் கிராணியார் செக்ரோலில் பெயர் பதிகையில் நாற்புறமும் நின்று கூச்சலிட்டால் கணக்கு நேராகுமா?

1972-ஆம் ஆண்டு முனிச் ஒலிம்பிக் இறுதியாட்டத்தைக் கவனியுங்கள். அமெரிக்கர் 50, சோவியத்து நாட்டார் 49. எஞ்சியவை மூன்றே விநாடிகள். தாம் கோரிய இடை ஓய்வு கிடைக்கவில்லையென்று சோவியத்துத் தரப்பினர் மேசையை நோக்கி ஓடினர். ஒரு விநாடி மீதமிருக்கையில் ஆட்டம் நின்றது. அப்பொழுது சர்வதேசச் சங்கச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் இறங்கிவந்து, மூன்று விநாடிகளைத் திரும்ப வைக்கச் செய்தார். நடக்கும் ஆட்டத்தில் தலையிட அவருக்கு அதிகாரமில்லை. கடிகாரம் செவ்வனே திருப்பப்படாமையால் அவ்விநாடிகளை மறுபடியும் ஆடவேண்டியதாயிற்று. முடிவில் சோவியத்து நாட்டார் 51–50 என வென்றனர். அமெரிக்கர் வெள்ளிப் பதக்கத்தை ஏற்க மறுத்தனர்.

சோவியத்தார் கோரிக்கை நியாயமானதாகவே இருந்திருக்கலாம். ஆயினும் நியாயத்திற்கும் நேரான வழி வேண்டும். கேட்கும் செவி மேசைக்கும் வேண்டும். பெரிய மனிதர் ஒருவர் கைகாட்டக் கடிகாரம் திரும்புமாயின் விதி எதற்கு?

எங்கள் நகரப் பந்தயமொன்றில், கோப்பை வழங்கிய செல்வர் மேசைமேற் சாய்ந்து, “அந்தத் தவற்றை அடித்துவிடு” என்றார். கணக்கெழுதிய வாலிபர் எழுந்து வணங்கி, நடுவரை அழைத்தாரேயன்றிப் பேனாவைத் தொடவில்லை. அன்றைய ஆட்டத்தில் யான் கண்ட பெருந்திறமை அதுவே.

இளைஞர்களே! கேட்கவேண்டியதைக் கேளுங்கள், உரிய வேளையில், உரியவர் வாயிலாக, பணிவோடும் அச்சமின்றியும் கேளுங்கள். மேசையில் அமரும் வாய்ப்பு உங்களுக்கு வருமாயின், கேட்பவரின் செல்வத்தைப் பாராது, கேள்வியின் நியாயத்தை மட்டும் பாருங்கள்.