பனிமூட்டத்தில் ஒரு இருபடிச் சமன்பாடு

"மைனஸ் பி பிளஸ் ஆர் மைனஸ் ரூட் ஆஃப் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி, பை டூ ஏ." பத்தாங்கிளாஸ் தாண்டின யாரையாவது நடுராத்திரி எழுப்பிக் கேட்டுப் பாருங்க, மந்திரம் மாதிரி ஒப்பிப்பாங்க. எதுக்குய்யா இதுன்னு கேட்டா முழிப்பாங்க. பிரம்மகுப்தர் 628லேயே எழுதி வச்ச விதி. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் முழிக்கிறோம்!

சரி, மேட்டருக்கு வருவோம். அக்கா பையன் புது பைக் வாங்கியிருக்கான். சிநேகிதப் பட்டாளத்தோட ராத்திரி கிளம்பி, விடியறதுக்குள்ள கொடைக்கானல் ஏறிடணும்னு திட்டம். "மெதுவா போடா"ன்னுட்டா அக்கா. மெதுவான்னா எவ்வளவு? துரைக்கு 40 கிலோமீட்டரே ஆமை வேகம்.

வத்தலக்குண்டுல இருந்து ஏறினவங்களுக்குத் தெரியும். டம் டம் பாறை தாண்டி, ஊத்து, பெருமாள்மலைன்னு போகப் போக மேகமே ரோட்டுல இறங்கி உக்காந்துக்கும். ஹெட்லைட் போட்டா எதிரே வெள்ளைச் சுவர்தான். 20 மீட்டர் தெரியுதுன்னு வச்சுக்குவோம். அந்த 20 மீட்டருக்குள்ள வண்டி நிக்கணும்னா என்ன வேகத்துல போகலாம்?

பேப்பர் பேனா எடுத்தாச்சு. பாறையோ மாடோ கண்ணுல பட்டு, மூளைக்கு உறைச்சு, பிரேக்கை அழுத்த இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வச்சிருக்கிற கணக்கு 2.5 விநாடி. அதுவரை வண்டி அதே வேகத்துல ஓடும். பிரேக் பிடிச்ச பிறகு ஓடுற தூரம் வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்தபடி கூடும். இந்த வர்க்கம்தான் நம்ம இருபடி. டயருக்கும் ரோட்டுக்கும் உராய்வு 0.4ன்னு போட்டா,

வே² ÷ 7.84 + 2.5 வே = 20

7.84ஆல பெருக்கினா,

வே² + 19.6 வே − 156.8 = 0

காரணிப்படுத்திப் பாருங்களேன், பல்லு உடையும். அதான் சூத்திரம். ரூட்டுக்குள்ள வர்றது 1011.36, அதோட மூலம் 31.8. விடை ரெண்டு: 6.1, −25.7. மைனஸ் விடைக்கு அர்த்தம் ரிவர்ஸ்ல மணிக்கு 92 கிலோமீட்டர்! அது நம்ம பசங்களாலகூட முடியாது, தள்ளிடலாம். விநாடிக்கு 6.1 மீட்டர்னா மணிக்கு 22 கிலோமீட்டர்.

பயபுள்ள அசரலை. "மாமா, 40 மீட்டர் தெரிஞ்சா 44ல போகலாம்தானே?" மறுபடி சூத்திரம். 37.6தான் வந்துச்சு. பார்வை ரெண்டு மடங்கானா வேகமும் ரெண்டு மடங்காகும்னு நினைக்கிற இடத்துலதான் அந்த வர்க்கம் காலை வாருது. இதுவும் ஏற்றத்துக்கும் சமதரைக்கும் சரி. இறக்கத்துல இன்னும் குறையும், ஈர ரோட்டுல வளைஞ்சுகிட்டே பிரேக் பிடிச்சா சொல்லவே வேணாம்.

கொஞ்ச நேரம் பேப்பரையே பாத்துகிட்டிருந்தவன், "எதிர்ல பஸ் வந்தா?"ன்னான். நல்ல கேள்வி. கொண்டை ஊசி வளைவுல பஸ் ரோடு முழுக்க எடுத்துத்தான் திரும்பும். அப்ப அந்த 20 மீட்டர் ரெண்டு பேருக்கும் பொது. ஆளுக்குப் பத்துதான். 20க்குப் பதிலா 10 போட்டான், இந்தத் தடவை அவனே. ரூட் 697.76, வேகம் 3.4. மணிக்கு 12 கிலோமீட்டர்!

"சைக்கிள்லயே போயிடலாம் போல"ன்னு முணுமுணுத்தான். ஆனா பிளான் மாறிடுச்சு. ராத்திரி வத்தலக்குண்டுல தங்கிட்டு, நல்லா வெயில் வந்த பிறகு ஏறப் போறாங்களாம். பேப்பரைப் போட்டோ புடிச்சு மத்த நாலு பேருக்கும் அனுப்பியிருக்கான். ஒருத்தன்கிட்ட இருந்து மட்டும் பதில் வந்துச்சு: "12 கிலோமீட்டரா, மைலா?"