பயத்துக்குப் போட்ட பூட்டு



1938இல் 91 மணி நேரத்தில் விமானத்தில் உலகையே சுற்றி வந்தவர் அமெரிக்கர் ஹோவர்ட் ஹியூஸ். பெரிய விமானத் தொழில்காரர். அவருடைய தாய், நோய் வந்துவிடுமோ என்று பயந்து பயந்தே மகனை வளர்த்தவர். பின்னாளில் ஹியூஸ், ஒரு பழ டப்பாவை எப்படித் திறக்க வேண்டும் என்று பணியாட்களுக்கு விலாவாரியாக உத்தரவு எழுதினார். கடைசி வருடங்களை மூடிய அறைகளிலேயே கழித்து, 1976இல் இறந்தார். அவரைப் பிடித்தது எண்ணச் சுழற்சி நோய். நாம் விளையாட்டாகச் சொல்லும் ஓ.சி.டி.

என் கதையில் விமானம் இல்லை, லாரிதான் உண்டு. அப்பா லாரி டிரைவர். போனால் பத்து நாள். போன் வராத ராத்திரிகளில் அம்மா தூங்கமாட்டார். எட்டு வயதில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வாசல் தாழ்ப்பாளை மூன்று முறை தொட்டால் அப்பா பத்திரமாய்த் திரும்புவார்! தொட்டேன், திரும்பினார். அக்கா தன் பயத்தை அம்மாவிடம் கொட்டித் தீர்த்துவிடுவாள். நானோ வாயே திறக்கமாட்டேன். எனக்குத் தாழ்ப்பாள்தான் துணை.

இங்கே ஹாஸ்டலில், இரண்டாம் ஆண்டில், மூன்று முப்பதாயிற்று. பூட்டை இழுத்துப் பார்ப்பேன், படி இறங்குவேன், மறுபடி ஏறுவேன். ஒருநாள் பிராக்டிகலுக்கே போய்ச் சேர முடியவில்லை. பூட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியும், மனசுக்குத்தான் செய்தி போகாது. லிமிட் சுவிட்ச் கெட்டால் மோட்டார் நிற்காமல் ஓடுமே, அதே கதைதான்.

அதற்காகப் பெற்றவர்கள் மேல் பழி போட வேண்டாம். பரம்பரைக்கும் மூளையின் இயக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. சிறு வயதுக் கஷ்டமும், பயத்தைச் சமாளிக்க அன்று பிடித்துக்கொண்ட வழியும் அதோடு சேரலாம். அன்று அந்த வழி குழந்தையைக் காப்பாற்றியது. வளர்ந்த பிறகு அதுவே விலங்காகிவிடுகிறது.

மைக்ரோமீட்டரை ரெண்டு தடவை வைத்துப் பார்ப்பது நோயல்ல, தொழில். தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்று, படிப்பையும் தூக்கத்தையும் கெடுத்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனேன். மாத்திரையோடு ஒரு பயிற்சியும் கொடுத்தார்கள். ஒரே முறை பூட்டு, திரும்பிப் பார்க்காமல் நட, பயம் தானாக இறங்கும்வரை பொறு. 1966இல் விக்டர் மேயர் எழுதிவைத்த சிகிச்சையின் வழி வந்தது இது. முதல் சில வாரம் உயிரே போய்விட்டது! அப்புறம் பயம் மெல்ல மெல்லக் குறைந்தது. இன்றும் சில நாள் எட்டிப் பார்க்கும், பார்த்துவிட்டுப் போகட்டும்.

உன் அறைத் தோழன் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கேலி செய்யாதே, நண்பா. "பூட்டியாச்சுடா" என்று பத்து தடவை சமாதானமும் சொல்லாதே. அந்தச் சமாதானம் நோய்க்குத் தீனி. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணைக் குறித்துக் கொடு. முதல் நாள் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போ.

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்